ஓடும் பெண்களுக்கு மாதவிடாய் ஏன் நிற்கிறது, எலும்பில் ஏன் விரிசல் விழுகிறது

மாரத்தானுக்குத் தயாராகும்போது பயிற்சி கூடக் கூட மாதவிடாய் தள்ளிப்போகும். சிலருக்கு ஒரு கட்டத்தில் நின்றே போகும். தொலைதூரம் ஓடும் பெண்களில் பலர் இதை இயல்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். "கடுமையா ஓடினா நிக்கத்தான் செய்யும்" என்று பயிற்சியாளரும் சொல்லியிருப்பார். போட்டி நாளில் நாப்கின் கவலை இல்லை என்ற நிம்மதியும் சேர்ந்துகொள்ளும். ஆனால் இது உடல் தன் செலவைக் குறைத்துக்கொள்கிறது என்பதற்கான அடையாளம். அப்படிக் குறைக்கப்படும் செலவுகளில் எலும்பைப் பழுதுபார்க்கும் வேலையும் ஒன்று.

பெண்கள் நெடுந்தூரம் ஓடக் கூடாது என்று யாராவது இதைக் காரணமாகக் காட்டினால் அது தவறு. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். அவர்களால் அந்தத் தூரத்தைத் தாங்க முடியாது என்று சொல்லி அந்தப் போட்டியையே எடுத்துவிட்டார்கள், அது திரும்பி வர 1960 ஆனது. ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் முதன்முதலில் நடந்தது 1984-இல், லாஸ் ஏஞ்சலஸில். ஓட்டம் பெண் உடலைக் கெடுக்கும் என்ற பழைய பயத்துக்கும் இங்கே சொல்லப்போகும் விஷயத்துக்கும் தொடர்பில்லை. சிக்கல் ஓட்டத்தில் இல்லை, ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாததில் இருக்கிறது.

மூளை போடும் கணக்கு

மாதச் சுழற்சி கருப்பையில் தொடங்குவதில்லை, மூளையின் அடியில் இருக்கும் ஹைபோதாலமஸில் தொடங்குகிறது. அங்கிருந்து ஒரு ஹார்மோன் விட்டு விட்டுத் துடிப்பாக வெளியாகிறது. அந்தத் துடிப்பைப் பார்த்து, அதன் கீழிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. அவை சினைப்பைக்குப் போய்ச் சேர்ந்தால் முட்டை வளர்கிறது, ஈஸ்ட்ரோஜன் ஊறுகிறது. முட்டை வெளியான பிறகு புரொஜெஸ்டிரோன் சுரக்கிறது. கரு தங்காவிட்டால் மாதவிடாய் வருகிறது.

உடலில் எரிபொருள் இருக்கிறதா என்பதையும் இதே ஹைபோதாலமஸ்தான் கவனிக்கிறது. கொழுப்புச் செல்களிலிருந்து வரும் லெப்டின், இன்சுலின், ரத்தச் சர்க்கரை எல்லாம் அதற்குச் செய்தி சொல்கின்றன. கையிருப்பு குறைந்தால் கரு சுமப்பதைத் தள்ளிப்போடலாம் என்று அது முடிவெடுத்து, துடிப்பை மெதுவாக்குகிறது. மற்றதெல்லாம் அதன் தொடர்ச்சி: எல்ஹெச் குறையும், முட்டை வளராது, ஈஸ்ட்ரோஜன் இறங்கும்.

ஓட்டத்தின் களைப்புதான் இதற்குக் காரணமா, எரிபொருள் பற்றாக்குறையா என்ற கேள்விக்கு அமெரிக்க ஆய்வாளர் ஆன் லவுக்ஸ் தெளிவான விடை கண்டார். உடற்பயிற்சியில் செலவான சக்திக்கு ஈடாகச் சாப்பிட்டவர்களிடம் எல்ஹெச் துடிப்பு குலையவில்லை என்று 1998-இல் காட்டினார். 2003-இல் ஜீன் தூமாவுடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் உணவின் அளவைப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்தார். உடற்பயிற்சிச் செலவு போக மிஞ்சுவது, கொழுப்பு நீங்கிய உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 30 கலோரிக்குக் கீழே போனதும் துடிப்பு குலையத் தொடங்கியது. அதற்கு ஐந்தே நாட்கள் போதுமாக இருந்தது.

அந்த 30 எல்லாருக்கும் பொருந்தும் கோடு அல்ல. சிலருக்கு 35-லேயே சுழற்சி தடுமாறும், சிலர் 28-இலும் தாங்குவார்கள். உடல் முழுமையாக இயங்க 45 வேண்டும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது நல்லது.

உங்கள் கணக்கை நீங்களே போடலாம்

சாப்பிட்ட கலோரியில் ஓட்டத்துக்குச் செலவானதைக் கழியுங்கள். மீதியைக் கொழுப்பு நீங்கிய எடையால் வகுங்கள். ஓட்டச் செலவுக்கு எளிய கணக்கு: ஒரு கிலோமீட்டருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் ஒரு கலோரி.

50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். உடலில் கொழுப்பு 12 கிலோ, மீதி 38. காலையில் 10 கிலோமீட்டர் ஓடுகிறார், செலவு 500 கலோரி. நாள் முழுக்கச் சாப்பிட்டது 1,700. கழித்தால் 1,200, வகுத்தால் 31 சொச்சம். விளிம்பில் நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமை 25 கிலோமீட்டர் ஓடுகிறார். செலவு 1,250. பசிக்கிறது என்று கொஞ்சம் கூட்டி, மொத்தம் 2,000 கலோரி சாப்பிட்டாலும் மிஞ்சுவது 750, அதாவது கிலோவுக்கு 20 கூட இல்லை. 45-ஐத் தொட அவருக்கு 10 கிலோமீட்டர் நாளில் 2,200-க்கு மேலும், ஞாயிற்றுக்கிழமை 2,950-க்கு மேலும் வேண்டும்.

இந்தப் பெண் பட்டினி கிடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வீட்டில் எல்லாரும் சாப்பிடுவதைத்தான் சாப்பிடுகிறார். உணவுக் கோளாறு எதுவும் இல்லாதவர்களுக்கும் இந்தப் பள்ளம் விழுவது இப்படித்தான். கடுமையாக ஓடிய பிறகு சில மணி நேரம் பசியும் மந்தமாக இருக்கும், அதனால் பசியை மட்டும் நம்பியும் பயனில்லை.

எடை குறையவில்லையே, அப்படியானால் பற்றாக்குறை இல்லைதானே என்று கேட்பார்கள். எடை நிலையாக நிற்பது ஆறுதல் தரும் செய்தி அல்ல. தைராய்டு ஹார்மோனான டி3-ஐ இறக்கி, உடல் தன் செலவைச் சுருக்கிக்கொள்ளும். கை கால் சில்லிடும், மலச்சிக்கல் வரும், முடி கொட்டும், தூக்கம் கலையும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். நாடித்துடிப்பு குறைவதை உடற்தகுதி என்று நினைத்து மகிழ்வதும் உண்டு. அது சில நேரம் தகுதி, சில நேரம் சிக்கனம்.

இந்த முழுப் படத்தையும் விளையாட்டு மருத்துவத்தில் ரெட்-எஸ் (RED-S, விளையாட்டில் வரும் ஆற்றல் பற்றாக்குறை) என்பார்கள். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இந்தப் பெயரை முன்வைத்தது. அதற்கு முன்பு, 1992 முதல், உணவுக் குறைவு, மாதவிடாய்க் கோளாறு, எலும்புத் தேய்வு மூன்றையும் சேர்த்து விளையாட்டுப் பெண்களின் மும்மைச் சிக்கல் என்று சொல்லிவந்தார்கள். ஆண்களுக்கும் இது வரும் என்பதாலும், இதயம், குடல், நோய் எதிர்ப்பு என்று பல இடங்களைத் தொடுவதாலும் பெயர் விரிந்தது.

எலும்பில் நடப்பது

எலும்பு கட்டி முடித்த சுவர் அல்ல. தெருவைத் தோண்டிக் குழாய் பதித்து மூடுவது போல, உடலுக்குள் எப்போதும் எங்காவது எலும்பு தோண்டப்பட்டு மூடப்படுகிறது. கரைக்கும் செல்கள் ஒரு இடத்தைத் தோண்ட ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். கட்டும் செல்கள் அதை நிரப்பி இறுக்க மூன்று நான்கு மாதம் ஆகும். தோண்டுகிறவர்களின் எண்ணிக்கையையும் ஆயுளையும் கட்டுக்குள் வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன். அது இறங்கினால் தோண்டும் இடங்கள் பெருகும். அதே நேரத்தில் எரிபொருள் பற்றாக்குறையால் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியும் இறங்குவதால் கட்டும் வேலையும் சுணங்கும். மாதவிடாய் நின்ற வயதான பெண்ணுக்கு முதன்மையாக முதல் சிக்கல்தான். ஓடும் இளம்பெண்ணுக்கு இரண்டும் சேர்ந்து வருகின்றன. எலும்புச் சேமிப்பின் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடும் என்பதால், பதின்பருவத்தில் இப்படி நடந்தால் இழப்பு மிகப் பெரியது.

பார்பரா டிரிங்க்வாட்டர் குழுவினர் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இதை அதிர்ச்சியாக உணர்த்தியது. மாதவிடாய் நின்ற 14 வீராங்கனைகளையும், ஒழுங்காக வந்த 14 வீராங்கனைகளையும் ஒப்பிட்டார்கள். முதல் குழுவின் சராசரி வயது 25. அவர்களுடைய முதுகெலும்பின் அடர்த்தி 51 வயதுப் பெண்ணின் அளவில் இருந்தது. மாதவிடாய் திரும்பியவர்களுக்கு அடர்த்தி கூடியதைப் பின்னர் கண்டார்கள், ஆனால் இழந்தது முழுவதும் திரும்பவில்லை.

ஓடினால் எலும்பு பலப்படும் என்பார்களே? காலுக்கும் இடுப்புக்கும் அது உண்மை, முதுகெலும்புக்கு அவ்வளவாக இல்லை. ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. ஆனால் ஒரே திசையில், ஒரே மாதிரி, ஆயிரக்கணக்கான முறை வரும் விசைக்கு எலும்பு சீக்கிரம் பழகிவிடும். சில பத்து அடிகளுக்குப் பிறகு அது கவனிப்பதையே நிறுத்திவிடுகிறது. ஸ்கிப்பிங், பல திசையில் குதிப்பது, எடை தூக்குவது எல்லாம் அதனால்தான் ஓட்டக்காரர்களுக்குத் தேவை. வாரம் இரண்டு நாள் ஸ்குவாட், டெட்லிஃப்ட், குதிகால் உயர்த்தல் செய்வதும், இடையில் இரண்டு மூன்று முறை பத்துப் பத்தாகக் குதிப்பதும் போதும். எலும்பில் வலியோ விரிசலோ இருக்கிறவர்கள் குதிக்கக் கூடாது.

விரிசலைக் கண்டுபிடிப்பது

திடீரென்று தூரத்தைக் கூட்டினால் தோண்டும் வேலை முதலில் வேகமெடுக்கும், நிரப்பும் வேலை பின்தங்கும். அந்த இடைவெளியில் எலும்பு சற்று நொய்ந்திருக்கும். புதிய பயிற்சித் திட்டம் தொடங்கி ஒன்று இரண்டு மாதத்தில் பலருக்கு ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்ற எலும்பு விரிசல் வருவதற்கு இதுதான் காரணம். நான்கு வாரத்தில் ஒரு வாரம் தூரத்தைக் குறைப்பது எலும்புக்கு அவகாசம் தரும். ஈஸ்ட்ரோஜனும் உணவும் குறைவாக இருந்தால் அந்த அவகாசமும் போதாது.

வலியின் போக்கு முக்கியம். தசை வலி பரவலாக இருக்கும், உடல் சூடேறியதும் குறையும். எலும்பு விரிசல் வலி ஓட ஓடக் கூடும். பிறகு நடக்கும்போதும் வலிக்கும், கடைசியில் இரவில் படுத்திருக்கும்போதும் வலிக்கும். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் உள்விளிம்பில் கட்டைவிரலை வைத்து, மேலிருந்து கீழே அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே வாருங்கள். ஐந்தாறு விரல் நீளத்துக்கு மந்தமாக வலித்தால் அது பெரும்பாலும் ஷின் ஸ்பிளிண்ட், அதாவது விரிசல் இல்லாமல் எலும்பின் விளிம்பில் வரும் வலி. ஒரு ரூபாய் நாணய அளவுள்ள ஒரே இடத்தில் சுரீரென்று உயிர்போகிற மாதிரி வலித்தால் அது விரிசலாக இருக்கலாம். ஓட்டத்தை அன்றே நிறுத்துங்கள்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று மறுபடி ஓடத் தொடங்குவது அடிக்கடி நடக்கும் தவறு. முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலே போகலாம், எம்ஆர்ஐ காட்டிக்கொடுக்கும். கீழ்க்கால் உள்விளிம்பிலும் பாதத்தின் நடு நீள எலும்புகளிலும் வரும் விரிசல் பொதுவாக ஆறு முதல் எட்டு வார ஓய்வில் ஆறும். தொடை எலும்பின் கழுத்தில் வருவது வேறு ரகம். தொடையிடுக்கில் ஆழமாக வலிக்கும், ஒற்றைக் காலில் நிற்க முடியாது. அங்கே விரிசல் முழு முறிவானால் அறுவை சிகிச்சைதான். தொடையிடுக்கு வலியோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓடாதீர்கள், நொண்டிக்கொண்டு நடக்கவும் வேண்டாம். தொடைக் கழுத்து, இடுப்புக்குப் பின்னாலுள்ள திருவெலும்பு, குதிகால் ஆகியவற்றின் உள்ளே பஞ்சு போன்ற எலும்பு அதிகம். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் முதலில் அடிபடுவது அதுதான். அங்கே விரிசல் வந்த பெண்ணிடம் காலணியைப் பற்றிக் கேட்பதற்கு முன் மாதவிடாயைப் பற்றிக் கேட்க வேண்டும்.

அமெரிக்க நடுத்தர தூர ஓட்டக்காரர் மேரி கெய்ன் 17 வயதில் உலகத் தடகளப் போட்டிக்குப் போனவர். எடையைக் குறை, வேகம் கூடும் என்ற அழுத்தத்தில் மூன்று ஆண்டு தனக்கு மாதவிடாய் வரவில்லை என்றும், ஐந்து எலும்புகள் முறிந்தன என்றும் 2019-இல் வெளிப்படையாகச் சொன்னார். எடை குறைந்தால் வேகம் கூடும் என்பது சில வாரங்களுக்கு உண்மையாகத் தெரியும். அதனால்தான் அந்த அறிவுரை இன்னும் உயிரோடு இருக்கிறது.

மருத்துவரிடம் போகும்போது

சுழற்சி 21 முதல் 35 நாளுக்குள் இருந்தால் இயல்பு. 15 வயதாகியும் பூப்பெய்தாதது, மூன்று மாதம் தொடர்ந்து வராதது, ஆண்டுக்கு ஒன்பதுக்கும் குறைவாக வருவது ஆகிய மூன்றில் எது இருந்தாலும் மகளிர் மருத்துவரைப் பாருங்கள். ரத்தப்போக்கு ஒழுங்காக இருந்தாலும் முட்டை வெளியாகாமல் போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். போக்கின் நாட்களும் அளவும் குறைந்துகொண்டே வருவதும் ஒரு முன்னறிவிப்பு.

முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்வார்கள். பிறகு ரத்தத்தில் டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்), புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), எல்ஹெச், எஃப்எஸ்ஹெச், எஸ்ட்ராடியோல் (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வகை) பார்ப்பார்கள். ஓடுகிற விவரத்தைக் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர், கடந்த ஆறு மாதத்தில் எடை எப்படி மாறியது, எந்த உணவை நிறுத்தினீர்கள்.

இதைச் சொல்லாவிட்டால் ஒரு பெரிய குழப்பம் நேரலாம். மாதவிடாய் வரவில்லை என்று ஸ்கேன் எடுத்தால், எரிபொருள் பற்றாக்குறையால் நின்றவர்களில் சிலருக்கும் சினைப்பையில் நிறையச் சிறு முட்டைப்பைகள் தெரியும். உடனே பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) என்று பெயர் வைத்து, அரிசியைக் குறை, எடையைக் குறை, இன்னும் உடற்பயிற்சி செய் என்று சொல்லிவிடுவார்கள். குறைவாகச் சாப்பிட்டதால் வந்த நோய்க்கு இன்னும் குறைவாகச் சாப்பிடுவதே மருந்தாகிவிடும். ரத்தப் பரிசோதனை இரண்டையும் பிரித்துக் காட்டும். பிசிஓஎஸில் ஆண்மை ஹார்மோன்கள் கூடியிருக்கும், எல்ஹெச்சும் பெரும்பாலும் கூடியிருக்கும். பற்றாக்குறையில் எல்ஹெச்சும் எஸ்ட்ராடியோலும் தாழ்ந்து கிடக்கும். மாதவிடாயை வரவழைக்க ஐந்து பத்து நாள் மாத்திரை கொடுத்தும் வரவில்லை என்றால், ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் கருப்பை உள்சுவரே வளரவில்லை என்று பொருள் கொள்ளலாம்.

கருத்தடை மாத்திரை போட்டு மாதாமாதம் வரும் ரத்தப்போக்கும் தீர்வல்ல. மாத்திரையை நிறுத்தும் நாட்களில் வரும் அந்தப் போக்கு, உங்கள் சுழற்சி ஓடுகிறதா என்பதைச் சொல்லாது. எலும்பையும் அது காப்பதாகத் தெரியவில்லை. எலும்புக்காக மட்டும் இந்த மாத்திரையைக் கொடுக்க வேண்டாம் என்று ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான எண்டோகிரைன் சொசைட்டியின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. உணவைச் சரிசெய்து பார்த்தும் மாதவிடாய் திரும்பாதவர்களுக்கு, தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பட்டையோடு சுழற்சி முறையில் புரொஜெஸ்டிரோன் கொடுப்பதைச் சில காலம் முயலலாம் என்கிறது. ஒரு எச்சரிக்கை: சுழற்சி திரும்பும்போது முதல் முட்டை, முதல் மாதவிடாய்க்கு முன்பே வெளியாகும். மாதவிடாய் வரவில்லை என்பதால் கருத்தரிக்காது என்று நம்பிவிட வேண்டாம்.

ஆறு மாதமாக வராதவர்களும், விரிசல் வந்தவர்களும் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் எடுப்பது நல்லது. அறிக்கையில் இளம்பெண்கள் பார்க்க வேண்டியது, அதே வயதுக்காரர்களோடு ஒப்பிடும் இசட் ஸ்கோர். மைனஸ் 2-க்குக் கீழே போனால் வயதுக்குரிய அளவைவிடக் குறைவு. ஆனால் எடை தாங்கும் விளையாட்டில் இருக்கிறவர்களுக்கு எலும்பு சராசரியைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும் என்பதால், மைனஸ் 1-க்குக் கீழேயே கவனிக்க வேண்டும்.

தட்டில் என்ன மாற வேண்டும்

சுழற்சியைத் திரும்பக் கொண்டுவரப் பெரும்பாலும் ஒரு நாளைக்கு 300 முதல் 600 கலோரி கூடுதலாகத் தேவைப்படும். ஒரு தம்ளர் பால், இரண்டு வாழைப்பழம், ஒரு கடலைமிட்டாய் என்று சேர்த்தாலே 400 அல்லது அதற்கு மேல் வந்துவிடும். அரிசியைப் பார்த்துப் பயப்படாதீர்கள், மாவுச்சத்தை வெட்டுவது ஹார்மோன் துடிப்பையும் எலும்பையும் கூடுதலாகக் குலைக்கிறது.

எவ்வளவு என்பதோடு எப்போது என்பதும் சேரும். காலை ஐந்து மணிக்கு வெறும் காபியோடு ஓடிவிட்டு, ஏழு மணிக்கு வந்து எல்லாருக்கும் சமைத்து, டப்பா கட்டிக் கொடுத்து, ஒன்பதரைக்குத் தான் சாப்பிட உட்காரும் பெண்ணின் உடல் முந்தைய இரவிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கடனில் ஓடியிருக்கிறது. நாள் முடிவில் கலோரி சரியாக இருந்தாலும் அந்த நீண்ட பள்ளம் ஹார்மோன்களைப் பாதிக்கலாம். கிளம்பும் முன் ஒரு வாழைப்பழமோ இரண்டு பேரீச்சையோ போதும். வந்த அரை மணிக்குள், அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே, முந்தைய நாளே கரைத்து வைத்த சத்துமாவுக் கஞ்சியோ, பாலும் அவித்த முட்டையும் சேர்த்தோ குடித்துச் சாப்பிட்டுவிடுங்கள். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து ஓடும்போதே போக வேண்டும். விரதம் இருக்கிற நாளை ஓட்டமில்லாத நாளாக வைத்துக்கொள்ளலாம். நோன்பு மாதத்தில் நீண்ட ஓட்டத்தைத் தள்ளிப்போடுங்கள்.

கால்சியம் ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும். இரண்டு தம்ளர் பாலில் ஏறக்குறைய 480, ஒரு கிண்ணம் தயிரில் 180, ஐம்பது கிராம் கேழ்வரகு மாவில் 170 கிடைக்கும். எள்ளுப்பொடியும், முள்ளோடு சாப்பிடும் நெத்திலியும், முருங்கைக்கீரையும் மீதியைச் சரிக்கட்டும். மாத்திரையாக எடுத்தால் ஒரு வேளைக்கு 500-க்கு மேல் வேண்டாம், இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்க்காமல் இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். வெயில் ஊரில் இருந்தும், சூரியன் வருமுன் ஓடி முடித்து நாளெல்லாம் அறைக்குள் வேலை பார்ப்பவர்களுக்கு வைட்டமின் டி குறைவாக இருப்பது சாதாரணம். ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் எடுத்துச் சரிசெய்யுங்கள். ஆனால் கால்சியமும் வைட்டமின் டியும் எவ்வளவு போட்டாலும் கலோரிப் பள்ளத்தை மூட முடியாது.

நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டிய சில ஆண்டுகளில் முதுகெலும்பு ஆண்டுக்கு சுமார் 2 சதவீதம் தேயும். இது வயதின் இயல்பு. அப்போது ஓட்டத்தைவிட எடைப் பயிற்சிக்கு முன்னுரிமை கொடுப்பது புத்திசாலித்தனம்.

மாற்றம் எவ்வளவு நாளில் தெரியும்? உணவு கூடிய சில நாள் முதல் வாரங்களுக்குள் தூக்கமும் உடல் சூடும் திரும்பும். மாதவிடாய்க்குப் பல மாதம் ஆகலாம். எலும்பு அடர்த்திக்கு ஆண்டுகள். அதனால் விரிசல் ஆறியதும் பழைய தூரத்துக்கு ஓடிப்போகாதீர்கள். அரை மணி நேரம் வலியில்லாமல் வேகமாக நடக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். அந்தப் பழைய புள்ளியை விரலால் அழுத்தினாலும், ஒற்றைக் காலில் பத்து முறை குதித்தாலும் வலிக்காவிட்டால், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று இருபது நிமிடம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் தொடங்குங்கள். முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், வேகத்தைக் கடைசியாக. அதே இடத்தில் வலி எட்டிப்பார்த்தால் இரண்டு நாள் நிறுத்தி, முந்தைய படிக்கு இறங்கி, அந்த வாரம் என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதிப் பாருங்கள்.